குறை சொல்லத் தெரியாதவர்களின் வக்கீல்

பாரிஸ்டர் ஆவதற்குப் படித்தால் மட்டும் போதாது, சாப்பிடவும் வேண்டும். லண்டனில் இருக்கும் பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து, அங்கே நீளமான மண்டபத்தில் கறுப்பு அங்கியோடு உட்கார்ந்து, விதித்திருக்கும் அத்தனை விருந்துகளையும் உண்டு முடிக்க வேண்டும். ஹேலி ஹோல்ராய்ட் அந்த விருந்துகளுக்கு வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸிலிருந்து இருப்பதிலேயே மலிவான பேருந்தில் போனாள். சாப்பிட்ட கையோடு திரும்பிவந்து, மறுநாள் காலை நகராட்சி அலுவலகத்தில் பார்க்கிங் அபராத ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அவளுடைய அம்மா டெனிஸ் நகரப் பேருந்து ஓட்டுபவள். கணவன் போன பிறகு மகளைத் தனியாக வளர்த்தவள். எதையும் நேராகக் கேட்கிற வாய்.

"வக்கீலுக்குப் படிக்கறேன்னு சொன்ன. பாத்தா கல்யாண வீட்டுக்குப் போறவ மாதிரி போயிட்டு வர்றியேடி. நேத்து என்ன போட்டாங்க?"

"வாத்துக்கறி."

"நல்லா வெந்திருந்துச்சா?"

"உள்ள சிவப்பா இருந்துச்சும்மா."

"ஒரு மண்டபம் முழுக்க வக்கீலுங்க. ஒருத்தருக்கும் எழுந்து கேக்கத் தோணலையா?"

"பரிமாறினவர் எப்படி இருக்குன்னு கேட்டாரு. பிரமாதம்னு சொல்லிட்டேன்."

டெனிஸ் தலையாட்டினாள். அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஹேலி படித்தாள், தேறினாள், பாரிஸ்டர் என்ற பட்டமும் வாங்கினாள். ஆனால் வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு கட்சிக்காரருக்காக வழக்காட முடியாது. பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகம் ஒன்றில் ஓராண்டுப் பயிற்சி இடம் கிடைக்க வேண்டும். மூத்தவர் ஒருவரின் பின்னாலேயே அலைந்து, அவருடைய பையைத் தூக்கி, அவர் எழுதுவதைத் தானும் எழுதிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சொந்தமாக வாய் திறக்கலாம். அந்த இடங்கள் மிகக் குறைவு. கேட்பவர்களோ கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஐந்து ஆண்டுக்குள் இடம் கிடைக்காவிட்டால் படிப்பு காலாவதியாகிவிடும், கடையில் இருக்கும் பால் மாதிரி.

ஹேலிக்கு நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் நேர்காணல் வரை போனாள், ஒவ்வோர் ஆண்டும் அங்கேயே நின்றாள். கடைசியாக நிராகரித்த அலுவலகம் மட்டும் காரணத்தைச் சொன்னது. இந்தப் பெண் தான் என்ன செய்தாள் என்று கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. கேட்டதற்கெல்லாம் எல்லாரும் உதவினார்கள் என்றாள், அதிர்ஷ்டம் என்றாள், பெரிதாக ஒன்றுமில்லை என்றாள். நாங்கள் அதை அப்படியே நம்பிவிட்டோம்.

"பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டிக் கோப்பையை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால ஒளிச்சு வச்சவதானே நீ," என்றாள் டெனிஸ்.

"பெருமையடிச்சுக்காதேன்னு நீதானே சொல்லி வளத்தே!"

"அது அக்கம்பக்கத்துல. வேலை குடுக்கறவன்கிட்டயுமா?"

இந்த வாக்குவாதத்துக்கு முடிவே கிடையாது. ஐந்தாவது ஆண்டின் விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு, ஹேலி தன் புதன்கிழமைகளை வழக்கம்போல இலவச சட்ட உதவி மையத்தில் கழித்தாள். அது சந்தைக்குப் பின்னால், முன்பு செருப்புக் கடையாக இருந்த இடத்தில் நடந்தது. காலளவு பார்க்கும் சாய்வான ஸ்டூல்களில்தான் இன்னும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். மையத்தை நடத்தியவள் நுஸ்ரத். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வழக்கறிஞர். ஒரே நேரத்தில் தொலைபேசியில் பேசுவாள், கெட்டிலில் தண்ணீர் பிடிப்பாள், கோப்பில் கையெழுத்தும் போடுவாள்.

அங்கே ஹேலியின் வேலை, அரசு உதவி மறுக்கப்பட்டவர்களுடன் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் அவர்களுக்காகப் பேசுவது. அதற்குப் பயிற்சி இடம் தேவையில்லை, சம்பளமும் கிடையாது. முதல் சில வாரங்கள் அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பார்க்கிங் ஜன்னலில் அவள் வேறு மாதிரி மனிதர்களைப் பார்த்துப் பழகியவள். ஒரே மாமியாருக்கு மூன்று தடவை பிரசவம் பார்க்கக் காரை நிறுத்தினேன் என்று சொல்கிற ஆட்கள். தங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்கிறவர்கள். இங்கே வந்தவர்களோ தங்களுக்கு எதிராகவே பொய் சொன்னார்கள். மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்டால் ஏதோ ஏறுகிறேன் என்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் படுக்கை கீழே கூடத்தில் கிடக்கும்.

"இந்த ஊர் வியாதி அது," என்றாள் நுஸ்ரத். "எங்க அப்பா பாகிஸ்தான்லேருந்து வந்து ரெண்டே வருஷத்துல அவருக்கும் தொத்திக்கிச்சு. கால் முறிஞ்சு கட்டுப் போட்டுக் கிடந்தப்ப, எப்படி இருக்கீங்கன்னு கேட்டா 'ஓடுது'ன்னாரு."

பிறகு ஒரு வழக்குக் கோப்பை எடுத்து ஹேலியின் மடியில் போட்டாள். "இந்தா, இதுல முத்தின கேசு."

கோப்பில் இருந்தவர் டிரெவர் மிட்ஜ்லி. கம்பள ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். மூட்டுவாதம் கை, இடுப்பு, முழங்கால் என்று ஒன்றையும் விடவில்லை. அரசு உதவியில் அவர் உடம்புக்கு ஏற்றபடி மாற்றிய கார் ஒன்று கிடைத்திருந்தது. மறு பரிசோதனைக்கு வந்த பெண், இவர் பித்தளை வாத்தியக் குழுவில் டியூபா வாசிக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனாள். டியூபா என்பது ஊதி வாசிக்கிற பெரிய பித்தளைக் குழல், ஒரு கொழுத்த ஆட்டுக்குட்டியின் எடை இருக்கும். அதைத் தூக்குகிறவருக்குக் கார் எதற்கு என்று கேட்டு, உதவியை நிறுத்திக் காரையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

ஹேலி டிரெவரின் வீட்டுக்குப் போய் மணியடித்துவிட்டு நின்றாள். யாரும் இல்லை போலிருக்கிறது என்று திரும்பப் போகும்போதுதான் கதவு திறந்தது. டிரெவர் நின்றார், நன்றாகச் சவரம் செய்து, கழுத்துப்பட்டையோடு. அந்தக் கழுத்துப்பட்டை முன்பே முடிச்சுப் போட்டு எலாஸ்டிக் வைத்தது. காலில் நாடா கட்டத் தேவையில்லாத ஷூ. தேநீர்க் கோப்பையைக் கைப்பிடியில் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கினார். உட்காரும்போது கடைசி ஒரு சாண் தூரத்தை விழுந்தே கடந்தார். ஹேலி இதையெல்லாம் பார்த்துக்கொண்டாள்.

"உடம்பு எப்படிங்க இருக்கு, மிஸ்டர் மிட்ஜ்லி?"

"குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, கண்ணு. என்னைவிட மோசமா இருக்கறவங்க எத்தனை பேரு!"

"காலையில எழுந்திருக்கறது?"

"எழுந்திருக்கறேன்."

அவர் மனைவி லின் பிஸ்கட் தட்டை வைத்துவிட்டு, "எழுந்திருக்கறாராம்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"தீர்ப்பாயத்துக்கு வந்து நீ வாயைத் திறக்கக் கூடாது, லின். ஊரு முன்னால என்னை நோயாளியாக்காதே."

"ஊரா? விசாரிக்கறது மூணே பேரு, டிரெவர்."

ஹேலி விளக்கிச் சொன்னாள். அங்கே வீரம் காட்ட வேண்டாம், மோசமான நாளில் எப்படி இருக்குமோ அதைச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்று அவர் தலையாட்டினார். காலையில் மூட்டெல்லாம் இறுகிக் கிடக்குமே என்று இரக்கப்பட்டு, விசாரணையை மதியத்துக்கு மேல் வைக்கும்படி அவளே கேட்டு வாங்கினாள். அதுதான் அவள் செய்த பெரிய முட்டாள்தனம். மூட்டுவாதக்காரர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் உடம்பு கொஞ்சம் இளகும். நாளிலேயே மிடுக்காகத் தெரிகிற நேரமாகப் பார்த்து அவரை நீதிபதி முன்னால் நிறுத்த அவளே ஏற்பாடு செய்துவிட்டாள்.

விசாரணை பிராட்ஃபோர்டில். வாத்தியக் குழுவின் டிரம் வாசிப்பாளன் கேரி, ஜன்னல் துடைக்கும் தொழிலுக்கு வைத்திருந்த தன் வேனில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கினான். டிரெவர் கல்யாணத்துக்குப் போட்ட சூட்டில் வந்திருந்தார். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்ததிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. கேரி பிரேக்கை மிதிக்கிற லட்சணம். வேனில் ஏணிக்கும் வாளிக்கும் நடுவில் தன்னைச் செருகிய விதம். மெஷினில் வந்த தேநீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருப்பது. பிராட்ஃபோர்ட்காரர்கள் பொதுவாக.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த குட்டை முடியோடு பெண் நீதிபதி, ஒரு பக்கம் மருத்துவர், இன்னொரு பக்கம் உடல் ஊனமுற்றோர் பற்றித் தெரிந்த உறுப்பினர். டிரெவர் லின்னுக்கும் ஹேலிக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர்கள் உள்ளே போன பிறகே தானும் வந்தார். முழங்கையால் முட்டுக் கொடுத்துத்தான் கதவைப் பிடித்தார். அது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"வாங்க, மிஸ்டர் மிட்ஜ்லி. எப்படி இருக்கீங்க?" என்றார் நீதிபதி.

"குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்கம்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

மருத்துவர் எதையோ எழுதிக்கொண்டார். நீதிபதி கேள்விகளை ஆரம்பித்தார்.

"சட்டை நீங்களே போட்டுக்கறீங்களா?"

"போட்டுக்கறேங்க."

"கடைக்கு?"

"தினம் நடந்து போறேன். பேப்பர் வாங்க."

"வழியில நிக்க வேண்டியிருக்கா?"

"நாலு பேரைப் பாத்தா நின்னு பேசறதுதானே மரியாதை."

"டியூபா வாசிக்கறது?"

"நாப்பது வருஷமா."

லின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் ஒரு கோடாக இறுகியிருந்தது. நீதிபதி ஹேலி பக்கம் திரும்பி, கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போது கேட்கலாம் என்றார்.

ஹேலியின் கையில் அழகாக எழுதி வைத்த கேள்விகள் இருந்தன. எல்லாமே, உங்களால் எதெல்லாம் முடியாது என்று ஏதோ ஒரு விதத்தில் கேட்பவை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நேர்காணல்களில் அவளே சொன்ன பதில்தான். இந்த நோய் அவளுக்கும் உண்டு. அதனால்தான் அவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இந்த மனிதர் குறையே சொல்லாதவர் இல்லை. இங்கே வந்ததிலிருந்து அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. தன்னைப் பற்றி மட்டும்தான் சொல்ல மாட்டார். அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"மிஸ்டர் மிட்ஜ்லி, காலையில நீங்க உடுத்திக்கற விஷயத்துல உங்க மனைவி மேல ஏதாவது குறை உண்டா?"

நீதிபதியின் புருவம் உயர்ந்தது. லின் கூரையிலிருந்து கீழே இறங்கினாள்.

"குறையா?" என்றார் டிரெவர். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எங்கேருந்து ஆரம்பிக்கறது? சாக்ஸ் போட்டுவிடச் சொன்னா, விரல் பக்கத்துத் தையலைச் சரியா வைக்கறதே இல்ல. குறுக்கால வந்து கட்டைவிரல்ல அறுக்கும். எத்தனை வருஷமா சொல்றேன்! அப்புறம் பொத்தான். மேலேருந்து கீழ போடணும்னு யாருக்கும் தெரியும். இவ கீழேருந்து ஆரம்பிப்பா. கழுத்துக்கு வர்றப்ப ஒண்ணு குறையும். திரும்ப எல்லாத்தையும் அவுத்து, திரும்பப் போட்டு. அதுக்குள்ள எட்டு மணிச் செய்தி போயிடும்."

"எட்டு மணிச் செய்தியா? ஆறு மணிக்கு ஆரம்பிக்கறோம், டிரெவர்!" என்றாள் லின். பேசக் கூடாது என்று சொன்னதை அவள் மறந்தேபோனாள்.

"கடைக்குப் போற வழி எப்படிங்க?" என்றாள் ஹேலி.

"அதை ஏன் கேக்கறே, பொண்ணே! மீன் கடைக்காரன் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான். மனுசன் சாயற சுவருக்கு யாராவது பெயின்ட் அடிப்பானா? என் கோட்டு முழுக்கப் பச்சை. அதுக்கு அடுத்தது தபால் பெட்டி. அது நமக்கு இடுப்புக்கு சௌகரியம். அங்க ஒரு பையன் சைக்கிளைச் சாத்தி வச்சிடறான். அதுக்கப்புறம் பேப்பர் கடை வரைக்கும் பிடிக்க ஒண்ணுமே கிடையாது. முன்னால ஒரு பெஞ்சு இருந்துச்சு. நகராட்சிக்கு அது கண்ணை உறுத்திடுச்சு."

"பெஞ்சு போனதிலேருந்து என்ன பண்றீங்க?" இந்தக் கேள்வியைக் கேட்டவர் மருத்துவர்.

"பேப்பர்காரன் தபால் பெட்டி வரைக்கும் கொண்டாந்து குடுக்கறான். மழை பேஞ்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வருவான்."

"டியூபாவை யார் தூக்கறாங்க?" என்றாள் ஹேலி.

"தூக்கறானாம்! அந்தக் கேரி அதைச் சாக்கு மூட்டை மாதிரி இழுத்துட்டு வர்றான். கதவுல ஒரு இடி, படியில ஒரு இடி. என் மடியில வச்சு ஸ்டாண்டுல பொருத்துன்னா, ஒவ்வொரு தடவையும் கோணலா பொருத்துவான். ஊர்வலத்துல நடக்கறப்ப டியூபா ஊதறது யாருன்னு நினைக்கறீங்க? புதுசா சேந்த பொண்ணு ஒருத்தி. தாளம் சுத்தமா கிடையாது. நான் முன்னாலயே காரை எடுத்துட்டுப் போயி ஊர்வலம் முடியற இடத்துல உக்காந்திருப்பேன். அவ வாசிக்கறதைத் தூரத்துலேருந்து கேக்கறதே ஒரு தண்டனை. இப்ப அதுவும் இல்ல, காரு போனதுக்கப்புறம்."

அதோடு நின்றார். மூன்று பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிரெவர் தன் கைகளைப் பார்த்தார், பிறகு ஹேலியைப் பார்த்தார். தான் என்னென்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற வழியில்லை, ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்.

வெளியே போய் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் காத்திருந்தார்கள். திரும்ப அழைத்தபோது நீதிபதி சுருக்கமாகச் சொன்னார். உதவி முழுவதும் திரும்பக் கிடைக்கும், காருக்கும் அவர் தகுதியானவர். "உங்க நண்பர் கேரி மேல நீங்க வச்ச குற்றச்சாட்டுகள் மட்டும் இந்தத் தீர்ப்பாயத்தோட அதிகாரத்துக்குள்ள வராது, மிஸ்டர் மிட்ஜ்லி," என்றும் சேர்த்துக்கொண்டார்.

வாசலில் டிரெவர் ஹேலியிடம், "மோசம் இல்ல, பொண்ணே," என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

"நாளைக்குக் காலையில சாக்ஸ் நீயே போட்டுக்கோ," என்று சொல்லிக்கொண்டே லின் அவருடைய கையைப் பிடித்து வேனில் ஏற்றினாள்.

அடுத்த மாதம் ஹேலிக்கு லீட்ஸில் நேர்காணல். ஐந்தாவது ஆண்டின் ஒரே அழைப்பு, அதனால் கடைசி அழைப்பும் அதுதான். டெனிஸ் அவளுடைய ஜாக்கெட்டைத் தேய்த்துக் கொடுத்து, "நான் செஞ்சேன், நான் செஞ்சேன்னு சொல்லு. கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாரு," என்றாள். ஹேலி சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

அங்கேயும் மூன்று பேர். நடுவில் இருந்த பெண் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, தீர்ப்பாயத்தில் ஜெயித்த வழக்கு ஒன்றைப் பற்றிச் சொல்லும்படி கேட்டாள். ஹேலி டியூபாக்காரரின் வழக்கை ஆரம்பித்தாள்.

"அதுல உங்க பங்கு என்ன?"

"பெருசா ஒண்ணும் இல்லைங்க. அவரே பேசிட்டாரு."

சொல்லி முடித்ததும் தலையை மேசையில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பெண் பேனாவை மூடினாள். அதுவரை பேசாமல் ஓரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபென்டன் என்பவர், ஜலதோஷக் குரலில், சும்மா நேரத்தை ஓட்டுவதற்குக் கேட்பது போல, "அந்தத் தீர்ப்பாயம் நடக்கற விதத்துல எதையாவது மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?" என்று கேட்டார்.

"நாற்காலியை," என்றாள் ஹேலி. "காத்திருக்கற அறையில ஒரு நாற்காலிக்குக்கூடக் கைப்பிடி கிடையாது. இடுப்பு போனவங்க எதைப் பிடிச்சு எழுந்திருப்பாங்க? பிறகு அந்தக் கதவு. பாதிப் பேருக்கு அதைத் தள்ள முடியாது. அவங்க தள்ளறதை உள்ள இருக்கறவங்க பாக்கறதும் இல்ல. 'எப்படி இருக்கீங்க'ன்னு முதல்ல கேக்கறாங்க பாருங்க, அதை நிறுத்தணும். எங்க ஊர்ல அதுக்கு ஒரே பதில்தான். அந்தப் பதிலை ஆதாரம்னு எழுதிக்கறாங்க. 'சட்டை போடுவீங்களா'ன்னு கேக்கறாங்க, யார் பொத்தான் போடறாங்கன்னு கேக்கறதில்ல. மூட்டுவாதக்காரரை மதியத்துக்கு மேல கூப்பிடக் கூடாது. அப்படிக் கேட்டு வாங்கின முட்டாள் நான்தான், அதை விதியிலயே போட்டுடணும். எங்களைக் கடைசியில பேசவிடறாங்க, எல்லாம் கெட்டுப்போனதுக்கு அப்புறம். அதுக்குள்ள அந்த மனுசன் தன்னைத் தானே தோக்கடிச்சிருப்பாரு. அவர் தன்னைப் பத்திப் பேச மாட்டாரு, பொண்டாட்டியைப் பத்திக் கேட்டாத்தான் பேசுவாருன்னு நான் அந்த நிமிஷத்துல, அந்த நாற்காலியில கண்டுபிடிக்க வேண்டியிருக்கு..."

"எத்தனை வழக்கு பாத்துட்டு இப்படிச் சொல்றீங்க?" என்றார் ஃபென்டன்.

"இந்த வருஷத்துலயா, மொத்தமாவா?"

நடுவில் இருந்த பெண் பேனாவைத் திறந்தாள். அடுத்த ஆளுக்கான நேரம் வந்தது, போனது. வெளியே ஒருவன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ரயிலில் திரும்பும்போதுதான் ஹேலிக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. வீட்டுக்குள் வந்ததும், "போச்சும்மா. உக்காந்து புலம்பிட்டு வந்துட்டேன்," என்றாள்.

"எதைப் பத்தி?"

"நாற்காலி."

"அவங்க நாற்காலியா?"

"இல்ல."

"அப்ப பரவால்ல," என்று டெனிஸ் உருளைக்கிழங்கை உரித்தாள். அவளுக்கும் நம்பிக்கை இல்லை. அன்று நிறைய உருளைக்கிழங்கு உரித்தாள்.

அழைப்பு வந்தபோது ஹேலி பார்க்கிங் ஜன்னலில் இருந்தாள். எதிரே ஒருவர், தன் நாய்க்குத் தலைசுற்றல் வந்ததால்தான் வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நிறுத்தினேன் என்று விவரித்துக்கொண்டிருந்தார். லீட்ஸிலிருந்து பேசியவர் இடம் உனக்குத்தான் என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு, அந்த மனிதருடைய அபராதத்தை ரத்து செய்தாள். அவள் அங்கே இருந்தவரை அப்படிச் செய்தது அன்று ஒருநாள்தான். நாய்க்காரர் சந்தேகத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

டெனிஸ் செய்தியைக் கேட்டு, "சரி," என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் தன் பேருந்தில் ஏறிய ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள், பெருமையாக இல்லை, குறையாக. "என் மக பாரிஸ்டர் பயிற்சிக்கு லீட்ஸ் போறாளாம். காலையில ரயிலுக்கு யாரு எழுப்பறது? நான்தான். வக்கீலுங்க போடற அந்த வெள்ளைக் கழுத்துப்பட்டியை யாரு கஞ்சி போட்டுத் தேய்க்கறது? அதுவும் நான்தான். நல்லா வந்து மாட்டினேன், போங்க."

முதல் நாள் காலை ஹேலி சீக்கிரமே போய்விட்டாள். அவளுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறவர் ஃபென்டன்தான். ஜலதோஷம் போயிருந்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டதும், மையத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் நீட்டிப் பழகிய கையை அவள் அவருக்கும் நீட்டினாள். அவர் தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு அவள் கையைப் பார்த்தார்.

"பாரிஸ்டருங்க நாம ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்கறதில்ல, ஹேலி. அதெல்லாம் வெளி ஆளுங்களுக்கு."

ஹேலி கையை இழுத்துக்கொண்டாள். காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த 'நாம'வில் தானும் ஒருத்தி என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. ஃபென்டன் தோளிலிருந்த தன் கனமான பையை அந்தக் கையில் மாட்டிவிட்டு, நீதிமன்றத்துக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று படியில் இறங்க ஆரம்பித்தார்.